தாய்லாந்து மக்களின் தமனி, நாள மாறுபாடுகள்: ஆய்வு வரலாறு

உடற்கூற்று மாறுபாடு என்பது நோய் அன்று. ஓர் உறுப்போ குழாயோ பாடநூல் காட்டும் அமைப்பிலிருந்து விலகியிருந்தும் இயல்பாக இயங்குவதே அது. தமனிகளிலும் பித்தநாளங்களிலும் இது மிகுதி. பாடநூலின் 'இயல்பு' யாருடைய உடல்களைக் கொண்டு எழுதப்பட்டது என்ற கேள்வி ஆசிய மருத்துவக் கல்லூரிகளுக்கு முக்கியமானது.

தாய்லாந்தில் மேலைமுறை மருத்துவக் கல்வி, 1888இல் பாங்காக்கில் திறக்கப்பட்ட சிரிராஜ் மருத்துவமனையை ஒட்டி வளர்ந்தது. 1920களில் இளவரசர் மகிதோலின் முயற்சியால் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவி கிடைத்தது. அயல்நாட்டுப் பேராசிரியர்கள் வந்தனர். அவர்களுள் ஒருவர் அமெரிக்க உடற்கூற்றியலாளர் எட்கர் டேவிட்சன் காங்டன். மனிதக் கருவில் பெருந்தமனி வளைவுகள் உருமாறும் விதத்தை விளக்கி 1922இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கருவில் இணைகளாகத் தோன்றும் வளைவுகளுள் சில மறையும், சில நிலைக்கும். மறைய வேண்டியது நிலைத்தாலோ, நிலைக்க வேண்டியது மறைந்தாலோ மாறுபாடு பிறக்கிறது. வலது கைக்குச் செல்லும் தமனி வளைவின் கடைசிக் கிளையாகப் புறப்பட்டு, உணவுக்குழாயின் பின்னால் வலப்புறம் செல்வது அப்படித்தான். சிரிராஜிலுள்ள உடற்கூற்று அருங்காட்சியகம் காங்டன் பெயரையே தாங்கியுள்ளது. முழு உடலின் தமனித் தொகுதியைப் பிரித்தெடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாட்டு மக்களின் தமனிகளைத் தனியே பதிவுசெய்யும் முயற்சிக்கு ஆசியாவில் பெரிய முன்னோடி ஜப்பானியர் புந்தரோ அடாச்சி. ஜப்பானியரின் தமனித் தொகுதி பற்றிய அவரது பெருநூல் 1928இல் வெளிவந்தது. கல்லீரல் தமனிக்கு இன்றுவரை அளவுகோலாக நிற்பது, மிக்கெல்ஸ் என்ற அமெரிக்கர் 200 உடல்களை ஆராய்ந்து 1955இல் வெளியிட்ட வகைப்பாடு. அதில் பாடநூல் அமைப்பு ஏறத்தாழ 55 விழுக்காட்டினரிடம் மட்டுமே இருந்தது. 'இயல்பு' என்ற சொல் எவ்வளவு மெலிந்தது என்று இதிலேயே தெரிகிறது.

தாய்லாந்தில் இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று. வடகிழக்கில், ஈசான் எனப்படும் பகுதியில், நன்னீர் மீனைப் பச்சையாக நறுக்கிச் சுவை சேர்த்து உண்ணும் வழக்கம் உண்டு. அவ்வுணவுக்குக் கோய் பிளா என்று பெயர். அந்த மீன் வழியே ஒருவகைக் கல்லீரல் தட்டைப்புழு உடலுக்குள் புகுந்து பித்தநாளங்களில் பல்லாண்டு வாழ்கிறது. இப்புழு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் வகைப்படுத்தியது. உலகில் பித்தநாளப் புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளுள் ஈசான் முன்னிற்கிறது.

இப்புற்றுநோயைக் குணப்படுத்த அறுவைதான் வழி; அதுவும் சிலருக்கே. அங்கேதான் மாறுபாடு உயிர்ப் பிரச்சினையாகிறது. வலக் கல்லீரலின் பின்பகுதி நாளம் சிலருக்கு நேரே இடது நாளத்தில் சேரும். இதை அறியாமல் இடப்பாதியை வெட்டியெடுத்தால், மீதமுள்ள ஈரலின் நாளம் துண்டிக்கப்பட்டுப் பித்தம் வயிற்றுக்குள் கசியும். பித்தப்பையை அகற்றும் எளிய அறுவையிலும் இதே ஆபத்து உண்டு. எனவே அறுவைக்கு முன் நாளங்களைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள்.

இத்தகைய ஆய்வுகளை இன வேறுபாட்டுக்குச் சான்றாகப் படிப்பது தவறு. மாறுபாட்டின் வகைகள் எல்லா மக்களிடமும் ஏறக்குறைய ஒன்றே. எத்தனை பேரிடம் என்ற வீதமே மாறலாம். தாய், லாவோ, சீன, மலாய், கெமர், மோன் வழியினர் அனைவரும் 'தாய்லாந்து மக்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குகிறார்கள். சில பத்து உடல்களில் கண்ட வீதத்தை ஒரு நாட்டின்மேல் ஏற்றிவிட முடியாது.

அந்த உடல்கள் இன்று பெரும்பாலும் தானமாக வருபவை. மாணவர்கள் அவற்றை 'ஆசான் யாய்', அதாவது பேராசான், என்று அழைக்கிறார்கள். அதன் முதற்சொல் நம் 'ஆசாரியர்' என்பதன் உறவுச்சொல். வெட்டத் தொடங்குமுன் வணங்குவார்கள். படிப்பு முடிந்ததும் உரிய சடங்குகளுடன் தகனம் செய்வார்கள்.