இலத்திரனியல் சுகாதாரப் பதிவும் இலங்கைக் குடும்ப வைத்தியர்களும்

நோயாளியின் நோய் வரலாறு, மருந்து, ஒவ்வாமை, பரிசோதனை முடிவு ஆகியவற்றைக் கணினியில் பேணும் முறையே இலத்திரனியல் சுகாதாரப் பதிவு. பிரித்தானியக் குடும்ப வைத்தியர்கள் நெடுங்காலமாக இதைக் கையாள்கின்றனர். அமெரிக்கா 2009ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் இதற்கு ஊக்கத்தொகை வழங்கியது.

இலங்கையில் தொம்பே வைத்தியசாலை இதில் முன்னோடி. கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வைத்தியர்களுக்குச் சுகாதாரத் தகவலியலைக் கற்பிக்கிறது.

பூனாகலை போன்ற ஊவாத் தோட்டப்புறங்களில் நோயாளி கையோடு கொண்டுவரும் கிளினிக் கொப்பிதான் இன்னும் முக்கிய ஆவணம். அது தொலைந்தால் பல ஆண்டுச் சீனி, பிரஷர் அளவுகளும் தொலைந்துவிடும். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண்சரிவு லயன் வீடுகளைச் சேதப்படுத்தியது. அத்தகைய அனர்த்தத்தில் வீட்டோடு கொப்பியும் அழியக்கூடும். ஆகவே கணினிப் பதிவு மிகவும் தேவைப்படுவது தோட்ட மக்களுக்கே.

பழைய மருந்துகள் உடனே தெரிவதும், மேல் சிகிச்சைக்கு அனுப்பும் கடிதம் தெளிவாக அமைவதும் வைத்தியர்களை ஈர்க்கின்றன. நீண்ட வரிசை காத்திருக்கையில் தட்டச்சுக்குப் போகும் நேரம், மின்வெட்டு, நோயாளியின் இரகசியம் ஆகியவை தயக்கத்துக்குக் காரணம். தனியார் டிஸ்பென்சரியில் கணினிச் செலவும் வைத்தியரையே சாரும்.

ஒரே தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படுவதால், கணினிப் பதிவில் நோயாளியை அடையாளங்காண ஒவ்வொருவருக்கும் உரிய தனிநபர் சுகாதார இலக்கமே நம்பகமானது.