மேசை விளையாட்டுகளில் கால நெருக்கடி

பலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் கதை வளர்க்கும் ரோல்பிளேயிங் விளையாட்டில், ஒரு காரியம் முடியவேண்டிய எல்லையை முன்கூட்டியே நியமித்து, அது நெருங்குந்தோறும் ஆட்டத்தின் விறுவிறுப்பை மிகுவிக்கும் முறையே கால நெருக்கடி எனப்படும். மாதக்கணக்கில் நீளும் தொடராட்டங்களில் இதன் அவசியம் பெரிது. அவகாசம் எல்லையற்றிருக்குமானால், ஒரு கதவைத் திறக்குமுன் அரைமணி ஆலோசிப்பதும், ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் படுத்துறங்கிக் களைப்பாறுவதும் விவேகமே ஆகிவிடுகின்றன. கதையோ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இம்முறையின் பூர்விகம் யுத்தப் பயிற்சியிலே உள்ளது. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்னும் போர்ப் பயிற்சி ஆட்டத்தில் ஒரு சுற்று, போர்க்களத்தின் இரண்டு நிமிஷத்துக்குச் சமானம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், நிலவறையில் ஒரு சுற்று பத்து நிமிஷமாயிற்று. தயங்கி நிற்பவரை, திரியும் பூதங்கள் வருகின்றனவா என்று உருட்டப்படும் பகடை அச்சுறுத்திற்று. 1980-இல் அச்சான ‘ஹிடன் ஷ்ரைன் ஆஃப் டமோவாச்சன்’ என்னும் சாகசத்திலே கோயிலின் கீழறைகளில் விஷவாயு நிரம்பியிருந்தமையால், தங்குவதே உயிர்ச்சேதமாயிற்று. 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டும், 2017-இல் ஜான் ஹார்ப்பர் வெளியிட்ட பிளேட்ஸ் இன் தி டார்க்கும் ஒரு வட்டத்தைக் கூறுகளாகப் பிரித்து, அபாயம் வளரவளர ஒவ்வொரு கூறாக நிரப்பும் கடிகாரத்தைப் பரவச் செய்தன. 2023-இல் வெளியான ஷேடோடார்க்கிலோ தீவட்டி எரிவது மெய்யான ஒரு மணி நேரம். ஆட்டக்காரரின் அரட்டையும் அந்த வெளிச்சத்தைத் தின்கிறது.

இவ்வுபாயங்களைப் பரீட்சிக்கப் புனே நகரின் சரித்திரத்தைவிடச் சிறந்த களம் கிடைப்பதரிது. 1660-ஆம் ஆண்டு மே மாதத்தில் மொகலாயத் தளபதி சாயிஸ்தாகான் புனேயைப் பிடித்து, மராட்டியத் தலைவன் சிவாஜியின் இளமைக்கால இல்லமான லால் மஹாலில் தங்கினான். நகருக்கு வடக்கேயுள்ள சாகன் கோட்டையை அவன் சேனை முற்றுகையிட்டபோது, சிவாஜியின் கோட்டைத் தலைவன் பிரங்கோஜி நர்சாலா ஏறத்தாழ இரண்டு மாதம் அதைக் காத்தான். மழை முற்றுகையாளரை வருத்த, அவர்களோ மதிலடியிலே சுரங்கம் தோண்டி, வெடிமருந்தால் ஒரு கொத்தளத்தைத் தகர்த்தனர். இதை ஆட்டமாக்குவோன் அச்சுரங்கத்தையே எட்டுக் கூறுள்ள கடிகாரமாக வரைந்து மேசைமேல் வைக்கலாம். பதில் சுரங்கம் தோண்டுவதா, இரவில் வெளியேறித் தாக்குவதா, உதவி வருமென நம்பி உணவைச் சிக்கனப்படுத்துவதா என்று காவலர்கள் யோசிக்கும்போது அக்கூறுகள் நிரம்பிக்கொண்டிருக்கும்.

1663 ஏப்ரல் 5 இரவு லால் மஹாலில் சிவாஜி நிகழ்த்திய தாக்குதல் இதற்கு நேர்மாறான கடிகாரம். ரமலான் மாதத்து இரவிலே, பெருஞ்சேனை தங்கிய முகாமின் நடுவே, சிறு குழுவொன்று உட்புகுந்து, சுவரை உடைத்து, தளபதியின் விரல்களைத் துண்டித்துத் திரும்பவேண்டும். முகாம் விழித்தெழுவதே எல்லை. இங்கே நாள்களை எண்ணுவது பயனற்றது. எழும்பும் சத்தத்தையே எண்ணவேண்டும்.

இவ்விரண்டிலும் ஆட்டத்தின் நடத்துநர் கடைப்பிடிக்க வேண்டிய நியாயம் ஒன்றே: கடிகாரம் ஆட்டக்காரரின் கண்ணுக்குத் தெரியவேண்டும், அவர்தம் செயலால் முந்தவும் பிந்தவும் வேண்டும். மறைத்து வைத்த எல்லை திடீரென முடிந்தால் அது நெருக்கடியன்று, நடத்துநரின் எதேச்சாதிகாரமே. முடிந்த பின்னும் ஒன்றும் நேராவிட்டால் அடுத்த எல்லையை எவரும் பொருட்படுத்தார். சாகன் வீழ்ந்தது, அவ்வீழ்ச்சிக்குப் பின்னும் கதை ஏறத்தாழ மூன்றாண்டு வளர்ந்து லால் மஹாலை அடைந்தது. எல்லை தவறினால் ஆட்டமே முடிந்துபோகும்படி அமைப்பவர் இதை நோக்குவது நலம்.

ஓயாத நெருக்கடியும் தீங்கே. லால் மஹால் நிகழ்ச்சிக்கும் 1664 ஜனவரியில் நடந்த சிவாஜியின் சூரத் படையெடுப்புக்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது மாதம் கழிந்தது. அந்த இடைவெளியைக் காயம் ஆற்றவும், ஒற்றர்களை ஏவவும், குதிரைகளைச் சேகரிக்கவும் விட்டுக்கொடுத்து, ஒரே மாலைப் பொழுதில் ஆடிக் கடத்திவிட்டு, அதன் பின்னரே புதிய வட்டத்தை வரைவது வழக்கம்.