ஏரியும் குடமும்

குடத்துடன் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற வேளைகளைச் சரித்திர நூல்கள் பதிவதில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது, மாம்பலத்தில் அடுப்பும் அலுவலும் அந்த லாரிக்காகவே காத்துக் கிடந்தன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில், அதாவது இரு கை கொள்ளும் அளவில், உளூச் செய்த செய்தியை ஓதிக்கொடுக்கும் நாம், அவ்வளவின் அருமையைக் குடவரிசையில் நின்று உணர்ந்தோம்.

நின்ற இடமோ நீர்நிலையின் அண்டை! ஆங்கிலேயர் ‘லாங் டாங்க்’ என்றழைத்த ஏரியை 1920களில் வற்றச் செய்தே தியாகராய நகர் அமைக்கப்பட்டது. பெருகிய நகருக்கு மனை வேண்டியிருந்தது; குற்றம் கூறோம். ஆயினும் மழைநீர் தங்க இடமற்றுப் போயிற்று. 2015 டிசம்பரில் மேற்கு மாம்பலத் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அங்கே ‘லேக் வியூ ரோடு’ என்றொரு சாலை இன்றும் உண்டு. தண்ணீர் லாரிக்கு முகவரி சொல்வோர் அந்தப் பெயரைத்தான் சொல்கின்றனர்.