நிலவறையில் கிடந்தோர்

பழைய வீட்டைப் பழுது பார்க்கத் தோண்டினால் என்ன கிடைக்கும்? புதையல் என்பான் பேராசைக்காரன். பூதம் என்பான் பூசாரி. இலண்டன் மாநகரில், கிரேவன் தெரு 36ஆம் எண் வீட்டின் நிலவறையை 1998இல் தோண்டியபோது கிடைத்தவையோ மனித எலும்புகள்!

ஒன்றல்ல, இரண்டல்ல, 1,200க்கும் மேற்பட்ட துண்டுகள். குறைந்தது 15 பேருடையவை. குழந்தைகளும் அவர்களுள் உண்டு. வீடோ, மின்னல் ஆண்டவன் சினமல்ல, மின்சாரமே என்று காட்டிய பெஞ்சமின் பிராங்க்ளின், 1757க்கும் 1775க்கும் இடையே பல்லாண்டு குடியிருந்த வீடு. அறிஞர் வீட்டில் கொலையா என்று திடுக்கிட்டோர் உண்டு.

கொலையன்று, தோழர்களே, கல்வி! வீட்டுக்கார அம்மையாரின் மகளை மணந்த வில்லியம் ஹூசன் என்னும் இளம் மருத்துவர், 1772இல் அங்கே உடற்கூற்றுப் பள்ளி தொடங்கினார். அறுத்த தொடையெலும்பும் துளையிட்ட மண்டையோடும் அதற்குச் சான்று. கடலாமை எலும்பும் கிடைத்தது. ஆமை எதற்கு? நிணநீர்க் குழாய்கள் பறவைக்கும் மீனுக்கும் ஆமைக்கும் உண்டென்று மெய்ப்பித்தவர் அவர். குருதி உறையும் விதத்தை ஆராய்ந்தவரும் அவரே. பிணம் தொட்டால் தீட்டு என்று ஒதுங்கியிருந்தால் இவை தெரிந்திருக்குமா? அறுக்கையில் பட்ட காயம் நஞ்சேறி, 1774இல், 34 வயதில் மாண்டார். அறிவுக்கு உயிரீந்தவர் என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

ஆனால் அறுக்கப்பட்டோர் யார்? 1752ஆம் ஆண்டுச் சட்டம் அறுவைக்கென ஒதுக்கியது, கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டோர் உடலை. பள்ளிகளின் தேவைக்கு அது போதவில்லை. எனவே, இரவில் இடுகாட்டைத் தோண்டிப் பிணம் விற்கும் கூட்டம் பிழைத்தது. பிணம் யாருக்கும் உடைமையன்று. ஆதலால் அதை எடுத்துச் சென்றால் சிறு குற்றம், போர்த்திய துணியை எடுத்தால்தான் திருட்டு! துணிக்கு இருந்த மதிப்பு மனிதனுக்கு இல்லை. செல்வர் ஈயப் பெட்டியிலும் கற்கல்லறையிலும் காப்பாகக் கிடந்தனர். ஏழைகளோ பொதுக்குழியில், ஒருவர்மேல் ஒருவராக, மேலே சிறிது மண்ணுடன். மண்வெட்டி எங்கே இறங்கியிருக்கும் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

1832இல் சட்டம் திருத்தப்பட்டது. எப்படி? ஏழையர் விடுதியில் இறந்து, உரிமை கோர ஆளில்லாதோர் உடலை உடற்கூற்றுப் பள்ளிக்குத் தரலாம் என்று. கொள்ளையர் தொழில் நசித்தது. ஏழையின் உடல் மட்டும், இரவில் வந்த அதே மேசைக்குப் பகலில் வந்தது, சட்டப்படி.

2006இல் அந்த வீடு பிராங்க்ளின் நினைவகமாகத் திறக்கப்பட்டது. எலும்புகள் சில அங்கே கண்ணாடிப் பேழையில் உள்ளன. ஹூசன் பெயரும் அங்கே உண்டு. அந்தப் பதினைந்து பேருக்குப் பெயரில்லை.