பயம் கொடுத்த உபகாரச் சம்பளம்

1920-ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓர் உபாத்தியாயர் கையும் களவுமாகப் பிடிபட்டார். ராபர்ட் மேயர் என்பது அவர் பெயர். லுத்தரன் சபையார் நடத்தி வந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை. செய்த குற்றம் என்னவென்றால், பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மன் மொழியில் பைபிள் கதைகளை வாசிக்கச் சொல்லிக் கொடுத்ததுதான்.

எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி எதையும் கற்பிக்கக் கூடாது என்று அதற்கு முந்தின வருஷம் அந்த மாநிலம் சட்டம் செய்திருந்தது. லத்தீனும் கிரேக்கமும் இந்தத் தடைக்குள் வரமாட்டா என்று மாநில நீதிமன்றம் விளக்கம் சொல்லிற்று. அவை பேச்சு வழக்கு ஒழிந்த மொழிகள். அவற்றால் தேசத்துக்கு ஆபத்து இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் வாயில் உயிரோடு இருக்கும் மொழிதான் ஆபத்து! மேயருக்கு 25 டாலர் அபராதம் விதித்தார்கள்.

மனிதர் லேசில் விடவில்லை. வழக்கு வாஷிங்டன் வரை போயிற்று. 1923 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையைத் தள்ளி, உபாத்தியாயருக்குக் கற்பிக்கும் உரிமையும், பெற்றோருக்குத் தம் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் காரியம் முடிந்து போயிருந்தது. 1915-இல் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஜெர்மன் படித்துக் கொண்டிருந்தார்கள். 1922-இல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நடுவில் வந்தது யுத்தம். ஜெர்மன் பெயர் இருக்கிறதே என்று முட்டைக்கோசு ஊறுகாய்க்குக்கூட ‘சுதந்திரக் கோசு’ என்று பெயரை மாற்றி வைத்துக் கொண்டு சாப்பிட்டார்கள். ஊறுகாயின் ருசி மாறவில்லை. மொழியின் கதி வேறாக இருந்தது. ஒரு மொழியைப் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்ட ஏழு வருஷம் போதும் என்று தெரிந்தது. திரும்பக் கொண்டு வருவது அத்தனை சுலபமாக இல்லை.

இரண்டாவது யுத்தத்தின்போது ராணுவத்துக்கு ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது, பர்மிய மொழி தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. 1943-இல் பல்கலைக்கழகங்களைப் பிடித்து அவசர அவசரமாகச் சிப்பாய்களுக்குப் பாடம் நடத்தினார்கள். அந்த வகுப்புகளும் நெடுநாள் நீடிக்காமல் கலைந்தன.

பிறகு 1957 அக்டோபர் 4-ஆம் தேதி வந்தது. ருஷ்யர்கள் ‘ஸ்புட்னிக்’ என்ற ஓர் உலோகப் பந்தை வானத்தில் ஏற்றிவிட்டார்கள். எண்பத்து மூன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். உலகத்தை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றி வந்தது. சாதாரண ரேடியோ ஆர்வலர்களுக்கெல்லாம் அதன் ‘பீப் பீப்’ ஒலி கேட்டது. ஒரு மாதம் ஆவதற்குள் லைக்கா என்ற நாயையும் இன்னொரு விண்கலத்தில் வைத்து அனுப்பினார்கள். அந்த நாய் திரும்பி வரவில்லை. பாவம், பெரிய மனிதர்களின் போட்டியில் வாயில்லா ஜீவன் ஒன்று போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி வருந்த அப்போது பலருக்கு நேரம் இல்லை.

அமெரிக்கா கலங்கிப் போயிற்று. நம் பிள்ளைகள் கணக்கில் பின்தங்கிவிட்டார்கள், விஞ்ஞானத்தில் பின்தங்கிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ருஷ்யர்களின் விஞ்ஞானப் பத்திரிகைகள் நூலகங்களுக்கு வந்தாலும் அவற்றை மூலத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே என்பதும் அப்போதுதான் பலருக்கு உறைத்தது. மொழி தெரியாமல் இருப்பது ஒரு குறை என்று ஒரு பெரிய தேசம் உணர்வதற்கு வானத்திலிருந்து ஒரு குரல் வர வேண்டியிருந்தது.

இங்கே அந்த நாட்டு அரசியலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. மத்திய சர்க்கார் பள்ளிகளுக்குப் பணம் கொடுப்பது என்றாலே ஆளுக்கொரு பக்கமாக இழுப்பார்கள். வெள்ளையர் பள்ளி, கறுப்பர் பள்ளி என்று பிரித்து வைப்பது சட்ட விரோதம் என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பணம் வந்தால் அதன் பின்னாலேயே சமத்துவமும் வந்துவிடும் என்று தென் மாநிலத்துக்காரர்களுக்குப் பயம். கொடுப்பதானால் எங்கள் சபைப் பள்ளிகளுக்கும் பங்கு வேண்டும் என்பது கத்தோலிக்கர்களின் வாதம். கொடுக்கவே கூடாது என்பது மற்றவர்களின் பிடிவாதம். இப்படி எத்தனையோ மசோதாக்கள் பிறந்து பிறந்து மாண்டன.

இந்த வாய்ப்பை உடனே பற்றிக் கொண்டவர்கள் இருவர்: செனட்டர் லிஸ்டர் ஹில், பிரதிநிதி கார்ல் எலியட். இருவரும் அலபாமா என்ற தென் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். எலியட் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஏழைப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஸ்புட்னிக் அவருடைய ஆசைக்குக் கிடைத்த வாகனம். ஹில்லின் கமிட்டியில் குமாஸ்தாவாக இருந்த ஸ்டூவர்ட் மெக்ளூர் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: இதைக் கல்வி மசோதா என்று சொல்லாதீர்கள், பாதுகாப்பு மசோதா என்று சொல்லுங்கள்! படிப்புக்குப் பணம் கேட்டால் ஆயிரம் கேள்வி வரும். தேசப் பாதுகாப்புக்குக் கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? ‘தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1958 செப்டம்பர் 2-ஆம் தேதி ஜனாதிபதி ஐஸனோவர் கையெழுத்திட்டார். நாலு வருஷத்துக்கு ஏறக்குறைய நூறு கோடி டாலர். கதைக்குத் தலைப்பு வைப்பதில் எழுத்தாளர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தலைப்பு நூறு கோடி டாலர் சம்பாதித்ததாக வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

உபகாரச் சம்பளமாகத்தான் கொடுக்க நினைத்தார்கள். சும்மா கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று பிரதிநிதி சபையில் சிலருக்குத் தோன்றிற்று. ஆகவே கல்லூரி மாணவர்களுக்குக் கிடைத்தது கடன். வருஷத்துக்கு ஆயிரம் டாலர் வரை, வட்டி மூன்று சதவீதம், படித்து முடித்துப் பத்து வருஷத்தில் கட்டித் தீர்க்க வேண்டும். பள்ளி உபாத்தியாயராகப் போனால் கடனில் பாதி வரை தள்ளுபடி உண்டு. இந்தக் கடைசி ஷரத்தைப் படித்தபோது, சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவர் நல்ல வாத்தியாரிடம் படித்தவராக இருக்க வேண்டும் என்று நினைத்துக் கொண்டேன்.

மற்றொரு ஷரத்து அவ்வளவு அழகாக இல்லை. பணம் வாங்கும் மாணவன், சர்க்காரைக் கவிழ்க்க நினைக்கும் எந்தச் சங்கத்திலும் தனக்கு நம்பிக்கையோ தொடர்போ இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விவசாய மானியம் வாங்குகிறவனிடம் இதைக் கேட்பதில்லை. படிக்கிறவனிடம் மட்டும் கேட்டார்கள். 1959-இல் ஹார்வர்டும் யேலும், இந்த நிபந்தனையோடு வரும் கடன் எங்களுக்கு வேண்டாம் என்று விலகிக் கொண்டன. 1962-இல்தான் அந்தப் பிரமாணப் பத்திரம் எடுக்கப்பட்டது.

சட்டத்தின் ஆறாம் பகுதி மொழிகளுக்கு உரியது. எந்த மொழிகள் தேசத்துக்கு அவசரம் என்று பட்டியல் போட்டார்கள். முதல் வரிசையில் ஆறு: அரபு, சீனம், இந்தி-உருது, ஜப்பானியம், போர்த்துக்கீசியம், ருஷ்யன். அடுத்த வரிசையில் வைத்த மொழிகளில் தமிழும் இருந்தது. சங்கப் புலவர்களின் மொழி, ஆழ்வார் நாயன்மார்களின் மொழி, அமெரிக்க சர்க்காரின் கணக்கில் ‘தேசியப் பாதுகாப்புக்குத் தேவையான மொழி’ ஆயிற்று! கம்பரே கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்.

உயர்நிலைப் பள்ளிகளுக்கு மொழி கற்பிக்கும் கருவிகள் வாங்கப் பாதிச் செலவை மத்திய சர்க்கார் ஏற்றது. அவ்வளவுதான், சில வருஷங்களுக்குள் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் ‘மொழிக் கூடங்கள்’ முளைத்தன. மரத் தடுப்பு போட்ட சின்னச் சின்ன அறைகள், காதில் மாட்டும் கருவி, டேப் ரிக்கார்டர். பையன் உட்கார்ந்து, டேப்பில் வரும் பிரெஞ்சு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவான். இப்படிச் சொன்னால் மொழி தானாக நாக்கில் ஊறிவிடும் என்பது அந்தக் காலத்துச் சித்தாந்தம். நியூயார்க் வட்டாரத்தில் பிரெஞ்சு படித்த பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்த கீட்டிங் என்பவர் 1963-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். கருவி இல்லாத பள்ளிப் பிள்ளைகள் கருவி உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் அல்லர் என்று அதில் தெரிந்தது. கருவி விற்றவர்களுக்கு அறிக்கை பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கருவி வாங்குவது சுலபம். ருஷ்ய மொழி தெரிந்த உபாத்தியாயரை எங்கே போய் வாங்குவது?

பல்கலைக்கழகங்களில் நடந்தது வேறு கதை. அங்கே போன பணம் மனிதர்களுக்குப் போயிற்று. சிகாகோ பல்கலைக்கழகம் தென்னாசிய மொழிகளுக்கு உதவி பெற்ற இடங்களில் ஒன்று. 1962-இல் அங்கே ஏ. கே. ராமானுஜன் வேலைக்குச் சேர்ந்தார். மைசூரில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, வெளியில் கன்னடத்தில் கவிதை எழுதியவர். சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழுக்கு எளிய இலக்கணம் ஒன்று கிடைக்குமா என்று நூலகத்தின் நிலவறைக்குள் தேடப் போயிருக்கிறார். அங்கே, பட்டியலில்கூடச் சேர்க்காமல் கிடந்த புத்தகங்களுக்கு நடுவில், உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை கைக்கு அகப்பட்டது. மைசூரிலும் சென்னையிலும் கிடைத்திருக்கக் கூடிய புத்தகம். அவர் கண்ணில் பட்டது மிச்சிகன் ஏரிக்கரையில்! 1967-இல் அவருடைய ஆங்கிலக் குறுந்தொகைப் பாடல்கள் புத்தகமாக வந்தன. தமிழ் ஓர் எழுத்தும் தெரியாத எத்தனையோ பேர் அதன் வழியாகத்தான் அகத்திணைக்குள் நுழைந்தார்கள். ருஷ்யப் பந்துக்கும் குறிஞ்சி மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இல்லை. வந்த பணம் எதற்காக வந்ததோ, அதை வாங்கிய மனிதர் மனசு அங்கே இல்லை.

அதே 1962-இல் இன்னொரு வேடிக்கையும் தொடங்கிற்று. அது கோதுமையைப் பற்றியது. ‘பி. எல். 480’ என்றால் நம் பெரியவர்களுக்குத் தெரியும். 1954-இல் செய்த அந்தச் சட்டத்தின்படி அமெரிக்கா தன் உபரிக் கோதுமையை நமக்கு விற்று, விலையை ரூபாயாகவே வாங்கிக் கொண்டது. அந்த ரூபாயைக் கப்பலேற்ற முடியாது. இந்தியாவிலேதான் செலவழிக்க வேண்டும். மலை மலையாகச் சேர்ந்துவிட்டது. அதில் ஒரு துளியை எடுத்துப் புத்தகம் வாங்கலாம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதித்தது. காங்கிரஸ் நூலகத்தார் டில்லியில் அலுவலகம் திறந்து, நம் மொழிகளில் வெளியாகும் புத்தகங்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் பல பிரதிகள் தங்கள் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நாவல், சிறுகதைத் தொகுதி, தல புராணம், ஜோதிடம் என்று பார்க்காமல் எல்லாம் போயிற்று. ரேஷன் கடையில் வரிசையில் நின்று நம் தாய்மார்கள் கோதுமைக்குக் கொடுத்த காசு, தமிழ் நாவலாக மாறிக் கடல் கடந்தது. மதுரையில் மறுபதிப்பு இல்லாமல் மறைந்த கதைகள் சிகாகோவிலும் பெர்க்கிலியிலும் அட்டை கட்டி அலமாரியில் உட்கார்ந்தன. சொந்த ஊரில் கிழிந்து போன தன் புத்தகம் அங்கே பத்திரமாக இருக்கிறது என்று கேட்டால் எழுத்தாளனுக்குச் சந்தோஷம் வருமா, வெட்கம் வருமா? இரண்டும் வரும்.

1960-களின் பிற்பகுதியில் நம்மவர்கள் பலருக்கு இந்த அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மேல் சந்தேகம் இருந்தது. ஒற்றர்கள் என்றார்கள். பாதுகாப்பு என்று பெயர் வைத்துப் பணம் கொடுத்தால் அப்படி நினைக்காமல் வேறு எப்படி நினைப்பார்கள்? அந்த ரூபாய் மலையையும் கடைசியில் இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. 1974 பிப்ரவரியில் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே செக்கு எழுதி இந்திய சர்க்காரிடம் கொடுத்தார்.

சந்திரனில் மனிதன் இறங்கியாயிற்று, பயம் தணிந்தது. 1966-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் நூற்றுக்கு 34, அந்நிய மொழி படித்திருந்தால்தான் சேர்ப்போம் என்றன. 1979-இல் ஜனாதிபதி கார்ட்டர் நியமித்த குழு கணக்கெடுத்தபோது அது எட்டாகக் குறைந்திருந்தது. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. உளவுத் துறையில் அரபு மொழி தெரிந்தவர்கள் போதவில்லை என்று மறுபடியும் கூக்குரல், மறுபடியும் பணம். அதுவும் நிலைக்கவில்லை, 2011-இல் ஆறாம் பகுதியின் மொழி நிதியில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கை வெட்டினார்கள். 1958-இல் தொடங்கிய அந்த மாணவர் கடன் பெயர் மாறி மாறி வாழ்ந்து, 2017 செப்டம்பரோடு நின்றது.

மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. உள்நாட்டு யுத்தத்தின் நடுவில், 1862-இல், லிங்கன் கையெழுத்திட்ட நில மானியச் சட்டத்தின் பயனாக 1867-இல் பிறந்தது. அதற்கு நாலரைக் கோடி டாலர் பற்றாக்குறை விழுந்தபோது, 2023 செப்டம்பரில் அதன் நிர்வாக சபை கூடி, அந்நிய மொழித் துறையைக் கலைத்துவிட முடிவு செய்தது. மாணவர்கள் வெளியே கூடிக் கோஷம் போட்டார்கள். ஸ்பானிஷும் சீனமும் ஓரளவு கற்பிக்க இடம் விட்டார்கள். மொழிப் பட்டப்படிப்புகள் போயின. மொழி படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று முதலில் கேள்வி எழுந்தபோது, கைப்பேசியில் மொழி கற்பிக்கும் செயலி ஒன்றோடு ஏற்பாடு செய்து கொள்ளலாமா என்று யோசிப்பதாக நிர்வாகத்தார் சொன்னார்கள்.