கிளார்க்: ஒரு சொல்லின் வரலாறு

மனிதரைப் போலவே சொற்களுக்கும் ஏற்றமும் தாழ்வும் உண்டு. ஊர் விட்டு வந்து அலுவலகங்களில் எழுதுகோல் பிடித்துக் குடும்பம் காக்கும் நம்மவர் பலருக்கும் பழகிய ‘கிளார்க்’ என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

கிரேக்க மொழியில் ‘கிளெரோஸ்’ என்றால் திருவுளச்சீட்டு. அச்சீட்டால் கிடைத்த பங்கு என்றும் பொருள். இறைவனுக்குரிய பங்கினர் என்னும் கருத்தில் கிறித்தவக் குருமாரை இலத்தீனில் ‘கிளெரிக்குஸ்’ என அழைத்தனர். இடைக்கால இங்கிலாந்தில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் பெரும்பாலும் குருமாரே. ஆதலின், கற்றவன் எவனும் கிளார்க் எனப்பட்டான்.

அந்நாளில் எழுத்தறிவு உயிர் காக்கும் கவசமாகவும் விளங்கிற்று. குருமாரைத் திருச்சபை மன்றமே விசாரிக்கலாம். அங்கு மரண தண்டனை இல்லை. நாளடைவில், படிக்கத் தெரிந்தவனும் குருவாகவே கொள்ளப்பட்டான். 51ஆம் சங்கீதத்தின் முதலடியைப் படித்துக் காட்டிய குற்றவாளி தூக்கினின்று தப்பினான். குரு அல்லாதார் ஒருமுறையே இச்சலுகை பெறலாம் என 1489ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. அடையாளமாகக் கட்டைவிரலில் சூடிட்டனர். 1598இல் நடிகர் ஒருவரை வாட்போரில் கொன்ற நாடகாசிரியர் பென் ஜான்சன் இவ்வாறே உயிர் பிழைத்தார். 1706இல் படிப்புச் சோதனை நீங்கியது. 1827இல் சலுகையே ஒழிந்தது.

இன்று இச்சொல்லுக்குக் கிளைகள் பல. பிரிட்டிஷ் மக்களவையின் கிளார்க், அவைத்தலைவருக்கு நடைமுறை எடுத்துரைக்கும் உயர் அதிகாரி. அமெரிக்காவிலோ கடையில் விற்பனை செய்பவரும் கிளார்க். உச்ச நீதிமன்ற நீதிபதிக்குத் துணைநிற்கும் இளம் சட்ட அறிஞரும் கிளார்க்.

நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் இளநிலை ஊழியரை ‘ரைட்டர்’ என்றது. 1744இல் அப்பணிக்குச் சென்னைக் கோட்டையில் வந்திறங்கியவரே ராபர்ட் கிளைவ். கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடமும், தமிழகக் காவல் நிலையங்களின் ரைட்டரும் அப்பெயரை இன்றும் தாங்குகின்றனர். கம்பெனிக்காக நெசவாளரிடம் சரக்குக் கொள்முதல் செய்த இந்திய முகவர் ‘குமாஸ்தா’ எனப்பட்டார்; பாரசீகத்தில் ‘நியமிக்கப்பட்டவர்’ என்பது பொருள். பிற்காலத்தில் அதுவும் கிளார்க்கையே குறிக்கலாயிற்று. இன்று நாம் ‘எழுத்தர்’ என்கிறோம்.

“வெறும் கிளார்க்தானே” என்னும் சொல் நம் பிள்ளைகளின் செவியில் விழுவதுண்டு. அவர்கள் இவ்வரலாற்றை அறிதல் வேண்டும். கோப்பில் எழுத்தர் எழுதும் இரண்டு வரிக் குறிப்பைப் பொறுத்தே, கணவனை இழந்த பெண்ணொருத்திக்குக் குடும்ப ஓய்வூதியம் உரிய காலத்தில் கிடைப்பதும் தாமதமாவதும் அமைகின்றன. எழுத்து உயிர் காக்கும் காலம் இன்னும் மறையவில்லை. அதனை உணர்ந்து எழுதுவோர்க்கு இப்பெயர் தாழ்வன்று.