நாடாவும் பந்தும்

பட்டு நெசவுக்குப் பெயர்போன ஆரணியில் 1950-ஆம் ஆண்டு பிறந்த வாசுதேவன் பாஸ்கரன், 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்று திரும்பினார் என்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் பூரிக்கிறது. அவ்வணியில், மற்றொரு பட்டு நகரமாகிய காசியின் புதல்வர், இருபது வயது முகம்மது ஷாகித்தும் இருந்தார்.

ஆஜானுபாகுவான எதிராளி மறிக்க வருமுன்னே, தாழக் குனிந்து, மட்டையின் முகத்தைக் கணந்தோறும் திருப்பி, பாவினூடே நாடா ஓடுவதுபோலப் பந்தை வலமும் இடமுமாக ஓடவிட்டு, அவன் பாரம் ஒரு காலில் சாய்ந்த அந்த க்ஷணத்திலேயே மறுபுறம் நழுவிவிடும் வித்தை ஷாகித்துடையது.

அதற்கு முன், செயற்கைத் தரை புகுந்த 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. அவ்வீழ்ச்சியிலிருந்து அணி எழுந்த மாஸ்கோ ஒலிம்பிக்கைப் பல நாடுகள் பகிஷ்கரித்தன என்பது மெய்யே. ஆயினும் ஷாகித்தின் அவ்வித்தையின் அழகு அதனால் குன்றுவதில்லை. ஸ்பெயினை 4-3 என வென்ற இறுதியாட்டத்தில் நான்காவது கோலை அடித்தவர் ஷாகித்.